கரடியை யார் எண்ணினார்கள்?

பனிக்கரடியைப் பற்றி எழுதச் சொன்னால் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுகிறார்கள். 'பனிக்கரடி ஆர்க்டிக் பகுதியில் வாழும் ஒரு பாலூட்டி. இதன் நிறம் வெள்ளை. இது சீல்களை வேட்டையாடி உண்ணும். ஆண் கரடி 600 கிலோ வரை எடை இருக்கும். புவி வெப்பமாவதால் பனி உருகுகிறது. எனவே பனிக்கரடிகளைக் காப்போம்!' இடையில் ஓரிரு வரி முன்பின்னாக இருக்கும், அவ்வளவுதான். பெயரை மறைத்துவிட்டால் எது யார் எழுதியது என்று பெற்றவர்களுக்கே தெரியாது.

பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பதும் அவர்களை எழுதவைப்பதும் நான் விரும்பிச் செய்கிற வேலை. எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை இருப்பவர்கள். ஏதாவது ஒரு விலங்கைப் பற்றித் தேடி எழுதலாம் என்று சொன்னால் பாதிப் பேர் பனிக்கரடிக்குத்தான் கை தூக்குவார்கள். அத்தனை ஆசையோடு தேடப் போகிற பிள்ளை உயிரில்லாத பத்து வரியோடு திரும்பி வருவது ஏன்? சோம்பேறித்தனம் என்கிறார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'பனிக்கரடி' என்று வெறும் தலைப்பைத் தூக்கிக் கொடுத்தால், அதற்குக் கலைக்களஞ்சியக் குறிப்பைத்தான் எழுத முடியும். அந்தக் குறிப்பை யாரோ ஏற்கெனவே நன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை அதைப் பார்த்து எழுதாமல் வேறென்ன செய்யும்? இப்போது எழுதிக் கொடுக்க இயந்திரங்களும் வந்துவிட்டன. அவையும் இதே பத்து வரியைத்தான் இன்னும் வழவழப்பாகத் தருகின்றன.

அதனால் நாங்கள் தலைப்பிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் யாரும் எதையும் எழுத வேண்டாம். கிடைத்ததையெல்லாம் படி, படம் பார், காணொளி பார். படிக்கும்போது எது மனதில் உறுத்துகிறதோ அதைக் கேள்வியாகக் கொண்டு வா. அந்தக் கேள்விதான் உன் கட்டுரை.

அப்படி வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறுமி கேட்டது. "உலகத்துல 26,000 பனிக்கரடி இருக்குன்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கே அக்கா, இதை யாரு எண்ணுனா?"

இந்த ஒரு கேள்விக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். பனிக்கரடி வாழும் இடம் கனடா, அமெரிக்காவின் அலாஸ்கா, ரஷ்யா, கிரீன்லாந்து, நார்வேயின் ஸ்வால்பார்டு என்று ஐந்து ஆட்சிகளுக்குக் கீழே பரந்து கிடக்கிறது. அதில் பெரும்பகுதி உறைந்த கடல். வெள்ளைப் பனிமேல் வெள்ளைக் கரடி. நேற்று இங்கே நின்ற பனிப்பாளம் இன்று நகர்ந்துபோயிருக்கும். இதில் தலை எண்ணுவது எப்படி?

பதிலைச் சொல்லிவிடாமல் ஒரு கிண்ணம் நிறையச் சட்டைப் பொத்தான்களைக் கொடுத்தேன். எத்தனை என்று எண்ணக் கூடாது. இருபதை எடுத்துப் பேனாவால் புள்ளி வைத்து மறுபடி உள்ளே போட்டார்கள். நன்றாகக் குலுக்கி, பார்க்காமல் இருபத்தைந்தை அள்ளினார்கள். அதில் நான்கில் புள்ளி இருந்தது. அள்ளியதில் எத்தனை பங்கு புள்ளி வைத்ததோ, மொத்தத்திலும் அத்தனை பங்குதான் புள்ளி வைத்தது என்று வைத்துக்கொண்டால், இருபதை இருபத்தைந்தால் பெருக்கி நான்கால் வகுக்க வேண்டும். 125. மறுபடி போட்டுக் குலுக்கி அள்ளினால் ஐந்து புள்ளிகள், கணக்கு 100 என்றது. இன்னொரு முறை மூன்றே புள்ளிகள், 167-க்குப் போய்விட்டது. கடைசியில் தரையில் கொட்டி எண்ணிப் பார்த்தார்கள். 118.

கரடிகளுக்கும் பல காலம் இதைத்தான் செய்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து மயக்க ஊசி எய்து, கரடி படுத்ததும் இறங்கிப் போய்க் காதில் அடையாள வில்லை மாட்டி, உதட்டின் உள்பக்கம் எண்ணைப் பச்சை குத்துவார்கள். பெரிதாகப் பயன்படாத சின்னப் பல் ஒன்றையும் பிடுங்கிக்கொள்வார்கள். மரத்தை அறுத்தால் தெரிவதுபோலப் பல்லின் வேரிலும் ஆண்டு வளையம் இருக்கும், அதை வைத்து வயதைச் சொல்லிவிடலாம். அடுத்த ஆண்டுகளில் பிடிபடுகிறவற்றில் அடையாளம் உள்ளவை எத்தனை என்று பார்ப்பார்கள். இப்போது மயக்காமலே, சிறு அம்பை எய்து துளி தோலை எடுத்து டி.என்.ஏ. பார்க்கும் முறையும் இருக்கிறது. பனியில் பதிந்த காலடித் தடத்திலிருந்துகூட டி.என்.ஏ. எடுத்துவிட்டார்கள். கடல்பனி உருகிக் கரடிகள் கரையேறிக் கிடக்கும் கோடையில், மண்தரையில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறவற்றை விமானத்திலிருந்தும் எண்ணுகிறார்கள்.

கழுத்தில் ரேடியோ பட்டை கட்டுவதைப் படித்தபோது பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். ஆண் கரடிக்கு அந்தப் பட்டை நெடுநாள் நிற்காது. தலையைவிடக் கழுத்து பருமன், உருவி எறிந்துவிடும். அதனால் பனிக்கரடி எங்கெங்கே போகிறது என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு பெண் கரடிகள் சொன்னதுதான்.

அந்தச் சிறுமி தேடிக்கொண்டே போய் மூல எண்ணைப் பிடித்துவிட்டாள். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015-ல் சொன்ன கணக்கு 26,000 என்பதோடு நிற்கவில்லை, 22,000-க்கும் 31,000-க்கும் இடையில் இருக்கலாம் என்றும் சேர்த்தே சொன்னது. பொத்தான் கிண்ணத்தில் 100-க்கும் 167-க்கும் அலைந்தவளுக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது. 'விஞ்ஞானிகள் 26,000 என்று மட்டும் சொல்லவில்லை. இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள் என்று சொன்னார்கள். நாம்தான் நடுவில் இருப்பதை மட்டும் எடுத்து எழுதுகிறோம்' என்று எழுதினாள். பத்து வயதுப் பிள்ளை. பெரியவர்கள் எழுதும் செய்திக் கட்டுரைகளிலேயே இந்த வரி இருப்பதில்லை.

எழுதத் தொடங்கும் பிள்ளைக்குப் பனிக்கரடியைப்போல ஒரு விலங்கு அமைவது அரிது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். அழகும் ஆபத்தும் வேறு விலங்குகளுக்கும் உண்டு. பனிக்கரடியைச் சுற்றி உண்மையும் பொய்யும் கலந்து கிடக்கும் அளவுக்கு மற்றவற்றைச் சுற்றிக் கிடப்பதில்லை. கொஞ்சம் பொறுமை இருந்தால் அதில் பெரும்பாலானதைப் பிள்ளைகளே பிரித்தெடுத்துவிட முடியும்.

எல்லாப் பனிக்கரடியும் இடதுகைப் பழக்கம் உள்ளது என்பார்கள். வேட்டைக்குப் பதுங்கும்போது கறுப்பு மூக்கைக் கையால் மறைத்துக்கொள்ளும் என்பார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. பென்குயினோடு பனிக்கரடி நிற்கும் படத்தைச் சின்னப் பிள்ளைகள் நிறைய வரைவார்கள். ஒன்று வடதுருவப் பக்கம், மற்றது தென்பாதி உலகம் என்று வரைபடத்தைக் காட்டினால் அழித்துவிட்டு வால்ரஸ் வரைந்துவிடுவார்கள். இவை சின்ன விஷயம்.

முடியின் கதைதான் வளமானது. பனிக்கரடியின் முடிக்கு நிறமே கிடையாது. ஒளி ஊடுருவும், நடுவே உள்ளீடற்றது. அடியில் இருக்கும் தோல் கறுப்பு. 'பிறகு ஏன் வெள்ளையாத் தெரியுது?' என்று கேட்காத பிள்ளையே இல்லை. ஒரு பனிக்கட்டியைக் கையில் கொடுத்தால் போதும். கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். துணியில் சுற்றி நசுக்கித் திறந்தால் வெள்ளைத் தூள். எந்தச் சாயமும் சேரவில்லை, ஒளி பல பக்கமும் சிதறுகிறது, அவ்வளவுதான். வார்த்தையில் விளக்கினால் தலையாட்டுவார்கள், நசுக்கிப் பார்த்தவர்கள் வீட்டில் போய்ச் சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்த உள்ளீடற்ற முடி ஒளியிழைபோலச் சூரியனின் புற ஊதாக் கதிரைத் தோல்வரை கடத்திக் கரடியைச் சூடாக வைக்கிறது என்று ஒரு கருத்து 1980 வாக்கில் கிளம்பியது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! டேனியல் கூன் என்ற இயற்பியலாளர் 1998-ல் முடியை எடுத்து உண்மையிலேயே சோதித்துப் பார்த்தார். அந்தக் கதிர் மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை, முடியே உறிஞ்சிக்கொண்டது. அதன் பிறகும் பழைய கதைதான் புத்தகத்துக்குப் புத்தகம் தாவிக்கொண்டிருக்கிறது. ஒரு பையன் தன்னிடமிருந்த படப்புத்தகத்திலேயே அந்த வரி இருப்பதைக் கண்டுபிடித்துப் பக்க ஓரத்தில் பென்சிலால் 'சோதித்தார்கள், தவறு, 1998' என்று எழுதி வைத்தான். அச்சில் வந்த ஒன்றைக் கேள்வி கேட்கலாம் என்பதே அவனுக்குப் புதுசு. 1970-களின் கடைசியில் அமெரிக்காவின் சான் டியேகோ மிருகக்காட்சி சாலையில் சில பனிக்கரடிகள் பச்சையாக மாறின, முடியின் உள்துளைக்குள் பாசி வளர்ந்திருந்தது என்ற செய்தியைக் கண்டபோது, இதுவும் கட்டுக்கதை என்றே அவன் நம்பினான். இது உண்மை. பொய்போலத் தெரிகிற உண்மையும் உண்டு என்று புரிய அது உதவியது.

இன்னொருவனுக்குப் பிடித்தது ஈரல். வில்லெம் பேரன்ட்ஸின் கப்பலில் வந்த டச்சு மாலுமிகள் 1596-97 குளிர்காலத்தில் ரஷ்யாவின் வடக்கே இருக்கும் நோவாயா செம்லியா தீவில் பனியில் சிக்கிக்கொண்டார்கள். பனிக்கரடியின் ஈரலைச் சமைத்துத் தின்றவர்கள் கடுமையாக நோயுற்றார்கள், சிலருக்கு உடம்புத் தோலே உரிந்துபோயிற்று. காரணம் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருந்ததுதான் என்று ஆய்வில் உறுதியானது 1940-களில். வடதுருவ மக்களுக்கோ அந்த ஈரலைத் தொடக் கூடாதென்று காலங்காலமாகவே தெரியும். பையன் கட்டுரையை இந்தக் கடைசி விஷயத்திலிருந்து தொடங்கினான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்தவை. கனமான பகுதி இனிமேல்தான்.

'வெயிலில் பனி உருகுகிறது, கரடிக்குச் சூடு தாங்காது, அதனால் சாகிறது' என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் எழுதுகிறார்கள். கதை அப்படியல்ல. கரடிக்குக் கடல்மேல் பனித்தளம் வேண்டும், அதுதான் அதன் வேட்டைக்களம். சீல்கள் மூச்சுவிடப் பனியில் வைத்திருக்கும் துளையருகே மணிக்கணக்காக அசையாமல் காத்துக் கிடந்து பிடிக்கும். பனி இல்லையென்றால், நீரில் நீந்தும் சீலை அது துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம். கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் கோடையில் பனி முழுக்க உருகிவிடும். சர்ச்சில் ஊரை ஒட்டிய கரையில் கரடிகள் ஏறி, நவம்பரில் கடல் உறையும்வரை ஏறக்குறையப் பட்டினி கிடக்கும். அந்தப் பட்டினிக்காலம் 1980-களில் இருந்ததைவிடச் சுமார் மூன்று வாரம் நீண்டுவிட்டது. மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 2016-ல் 842 கரடிகள் என்று மதிப்பிட்டார்கள், 2021-ல் 618. சில கரடிகள் பக்கத்துப் பகுதிக்குப் போயிருக்கவும் கூடும் என்று கணக்கெடுத்தவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அந்தக் குறிப்பையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்பதில் நான் கறாராக இருப்பேன்.

கரையில் இருக்கும்போது வேறு எதையாவது தின்னலாமே என்பது பிள்ளைகளின் நியாயமான அடுத்த கேள்வி. அதே கேள்வியைத்தான் விஞ்ஞானிகளும் கேட்டார்கள். 20 கரடிகளுக்குக் கேமரா பொருத்திய பட்டை கட்டிப் பார்த்த ஆய்வு 2024-ல் வெளிவந்தது. கரடியின் தாடைக்குக் கீழிருந்து உலகம் தெரிகிற காணொளிகள். புதரில் பழம் மேய்கின்றன, பறவையின் சடலத்தைக் கடிக்கின்றன, சில வெகுதூரம் நீந்துகின்றன, சில சும்மா படுத்துக் கிடக்கின்றன. என்ன செய்தும் 20-ல் 19 கரடிகள் இளைத்தன. நாளுக்கு 0.4 முதல் 1.7 கிலோ வரை.

எண்களைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். ஒற்றைக் கரடியின் கதை அப்படியல்ல. 2008-ல் அலாஸ்காவுக்கு வடக்கே இருக்கும் போஃபர்ட் கடலில் பட்டை கட்டியிருந்த ஒரு பெண் கரடி, பனியைத் தேடி 232 மணி நேரம் நிற்காமல் நீந்தியது. ஒன்பது நாளுக்கும் மேல், 687 கிலோமீட்டர். மறுபடி அதைப் பிடித்துப் பார்த்தபோது எடையில் 22 விழுக்காடு குறைந்திருந்தது. கூடவே புறப்பட்ட ஒரு வயதுக் குட்டி இல்லை.

இதைக் கண்டுபிடித்துப் படித்த பிள்ளை அழுதுவிட்டது. இதையெல்லாம் ஏன் படிக்கவிடுகிறீர்கள் என்று வீட்டார் கேட்டார்கள். நியாயமான கோபம்தான். ஆனாலும் என் மனதில் தயக்கம் இல்லை. பிள்ளைகளை வாட்டுவது இப்படிப்பட்ட உண்மையைவிட, 'எல்லாம் அழிகிறது, எல்லாம் முடிந்தது' என்ற பொத்தாம்பொதுவான பயம்தான். அந்தப் பயத்துக்கு அளவு கிடையாது. ஒரு கரடி, ஒரு கடல், ஒரு ஆண்டு என்று வந்துவிட்டால் துக்கத்துக்கும் ஓர் அளவு வந்துவிடுகிறது, அதைப் பற்றி வாக்கியம் எழுத முடிகிறது. அந்தப் பிள்ளை கட்டுரையைக் கைவிடவில்லை. கிலோமீட்டரை மணியால் வகுத்து, அந்தக் கரடி மணிக்குச் சராசரியாக மூன்று கிலோமீட்டர் வேகத்தில் நீந்தியிருக்கிறது என்று கண்டுபிடித்து, நாம் நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு என்று எழுதியது.

படம் வேறு, கணக்கு வேறு என்பதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. எலும்பும் தோலுமாகத் தள்ளாடும் ஒரு பனிக்கரடியின் காணொளி 2017-ல் உலகம் முழுக்கச் சுற்றியது. கனடாவில் எடுத்தது. பருவநிலை மாற்றம் இப்படித்தான் இருக்கும் என்ற பொருளில் அதை வெளியிட்ட நேஷனல் ஜியோகிராஃபிக், அந்த ஒரு கரடியின் நிலையைப் பருவநிலையோடு அப்படி உறுதியாகப் பிணைத்தது மிகை என்று அடுத்த ஆண்டு ஒப்புக்கொண்டது. அந்தக் கரடிக்கு நோயா, காயமா, வயதா என்று யாருக்கும் தெரியாது. அப்படியானால் பனிக்கரடிகளுக்கு ஆபத்தே இல்லையா? இருக்கிறது, ஆனால் அதற்குச் சாட்சி அந்தக் காணொளி இல்லை, ஹட்சன் விரிகுடாவில் ஆண்டுக்கணக்காக எடுத்த எண்ணிக்கைதான். பன்னிரண்டு வயதில் இந்த வேறுபாடு பிடிபட்ட பிள்ளையை நாளைக்கு எந்தப் படத்தைக் காட்டியும் சுலபமாக ஏமாற்ற முடியாது. எனக்கு இது கரடியைவிடச் சிறிய விஷயமில்லை.

பிள்ளைகளின் கட்டுரைகளில் நான் தேடித் தேடிப் பார்ப்பது இன்னொன்று: மனிதர்கள். ஆர்க்டிக் என்றால் பனியும் கரடியும் மட்டும் இருக்கும் வெற்றிடம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இனுயிட் மக்கள் அங்கே ஊர் அமைத்து வாழ்கிறார்கள், நானூக் என்று கரடியைப் பெயர் சொல்லி மதிக்கிறார்கள், வேட்டையும் ஆடுகிறார்கள். 1973-ல் ஐந்து நாடுகளும் ஆஸ்லோவில் செய்துகொண்ட ஒப்பந்தம் பனிக்கரடி வேட்டையைத் தடுத்தபோது, பாரம்பரிய உரிமையுள்ள உள்ளூர் மக்களுக்கு விலக்குக் கொடுத்தது. கரடியைக் கொல்பவர்கள் கெட்டவர்கள் என்று ஒரே அடியாக எழுதிவைத்திருந்த ஒரு பையன் இதைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. ஊர்ப்பக்கம் முன்பைவிட அதிகம் கரடிகள் வருகின்றன, கரடி குறையவில்லை என்று இனுயிட் வேட்டைக்காரர்கள் பலர் சொல்கிறார்கள். பசியில் கரையோரம் ஒதுங்குவதால்தான் அதிகம் கண்ணில் படுகின்றன என்கிறார்கள் ஆய்வாளர்கள் பலர். இரண்டையும் எழுது, யார் சொன்னது என்று குறிப்பிட்டு எழுது என்றேன். எழுதினான். 'கெட்டவர்கள்' என்ற சொல்லை அவனே அடித்துவிட்டான்.

எழுதும் முறை பற்றி ஒன்றே ஒன்று. படித்ததை மூடிவைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். மறந்துபோனது மறந்துபோகட்டும், எண் மட்டும் சந்தேகமாக இருந்தால் திறந்து பார்க்கலாம். அப்போது வருகிற வாக்கியம் கரடுமுரடாகத்தான் இருக்கும். அதைத் திருத்தி வழவழப்பாக்கப் பெரியவர்களின் கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். எழுத்துப்பிழையைச் சொல்லலாம், வாக்கியத்தைத் தொடாதீர்கள். முடிவுரையில் 'காப்போம்' என்ற வரி இல்லையென்று மதிப்பெண் குறைக்கவும் வேண்டாம். 22,000 முதல் 31,000 வரை என்று விசாரித்து எழுதிய பிள்ளைக்குக் கரடியின்மேல் அக்கறை இருக்கிறதா என்று நாம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இப்போது எங்கள் பிள்ளைகளுக்குள் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. கிரீன்லாந்தின் தென்கிழக்கு ஓரத்தில் சில நூறு பனிக்கரடிகள் மற்றவற்றிலிருந்து பிரிந்து தனியாக வாழ்வதாக கிறிஸ்டின் லெய்ட்ரே என்ற விஞ்ஞானியின் தலைமையிலான குழு 2022-ல் அறிவித்தது. கடல்பனி ஆண்டில் பெரும்பகுதி இல்லாத இடம் அது. பனியாறுகளிலிருந்து உடைந்து மிதக்கும் நன்னீர்ப் பனிக்கட்டிகளின்மேல் நின்று அவை சீல் பிடிக்கின்றன. அப்படியென்றால் கரடிகள் பிழைத்துக்கொள்ளும் என்கிறது ஒரு கட்சி. அப்படிப் பனியாறு கடலில் வந்து விழும் இடம் ஆர்க்டிக்கில் எத்தனை இருக்கிறது, மற்றக் கரடிகள் எங்கே போகும் என்கிறது எதிர்க்கட்சி. வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு பனியாறுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இரு கட்சிக்கும் தனித்தனிக் கட்டுரை, ஆனால் தனக்கு எதிர்ப்பக்கம் இருப்பவர்களின் வலுவான வாதத்தை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. அந்த முதல் பத்தியை எழுதத்தான் இரண்டு பக்கமும் இப்போது திணறுகிறார்கள்.